சிங்கத்துக்குப் புள்ளி இல்லை

பாரத்தில் நான் எழுதுவது ஹெர்ப்பிஸ் சோஸ்டர்.
மருந்துக் கவுண்டரில் நோராய்னி அதைக் காயாப் என்பாள்.
காப்பிக்கடை லியோங்குக்கு அது பாம்பு:
இடுப்பைச் சுற்றி ஊர்ந்துபோய்த்
தலை வாலைத் தொட்டால் ஆள் காலி.
எங்கள் ஆட்களுக்கு அக்கி.

பகாவ் கிளினிக்கில் பதினாறு வருஷமாக
அக்கியோடு வந்தவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்:
முதலில் அந்தச் செங்காவியைக் கழுவிவிட்டு வாருங்கள்.
சில பேருக்கு நானே துடைத்துவிட்டதும் உண்டு.
பஞ்சு சிவந்து வரும்.
ரத்தம் இல்லை,
அதனால் சாதாரணக் குப்பையில் போடலாம்.

எனக்கே வந்தது ஒரு சனிக்கிழமை,
இடது விலாவில்.
ஐந்து வேளை மாத்திரை, மணி தவறாமல்.
கொப்புளம் மாத்திரை பேச்சைக் கேட்டது.
எரிச்சல் கேட்கவில்லை.
சட்டை பட்டால் சுட்டது, விசிறிக் காற்றும் சுட்டது,
பக்கத்து அறையிலிருந்து மனைவி
"என்ன?" என்று கேட்டால் அதுவும்.

நாலாம் ராத்திரி
காரின் விளக்கை அணைத்துவிட்டு
டயர் கடையின் பின்பக்கம் போனேன்.

அரியமுத்து பஞ்சர் ஒட்டுகிறவர்.
சட்டி பானை செய்த வம்சம் என்பார்;
பிறந்ததிலிருந்து அவர் கை அறிந்தது ரப்பர் மட்டும்தான்.
என்னைப் பார்த்ததும் ஜாக்கியைக் கீழே வைத்தார்.
"ஆறாம் நம்பர் டிவிஷன் பிள்ளைக்கு
நான் எழுதுனத துடைச்சது நீங்கதானே?"
"ஆமா."
"ஒரு மணி நேரம் எழுதுனேன் சார் அத."

பிறகு காவிக்கட்டியை உரசினார்.
பூசைச் சாமான் கடையில் இரண்டு வெள்ளி,
விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
கோழி இறகைத் தண்ணீரில் தோய்த்தபடி,
"மாத்திரை போடுறீங்கள்ல?"
"போடுறேன்."
"நிறுத்திடாதீங்க."
"அப்ப இது எதுக்கு?"
அவர் யோசித்தார்.
காற்று நிரம்பிக்கொண்டிருந்த லாரி டயர்
சீறி அடங்கும்வரை யோசித்தார்.
"மாத்திரை உள்ள வேலை பாக்குது.
வாசல்ல ஒருத்தன் நிக்க வேணாமா?"

ஈர இறகு.
நான்கு நாளில் முதல் தடவையாக என் தோலை
ஒருவர் பயப்படாமல் தொடுகிறார்.
எது குளிர்ந்தது, மண்ணா, தண்ணீரா,
அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்த விதமா,
எந்தக் கட்டத்தில் இதை நான் டிக் செய்வது?
பணம் வாங்கவில்லை.
பின் டயரில் காற்றுக் குறைவு என்று
அதற்கு மட்டும் ஐம்பது காசு வாங்கினார்.

வீட்டில் மனைவி சட்டையை உயர்த்திப் பார்த்தாள்.
தமிழ்ப்பள்ளி ஆசிரியை.
சிரிப்பை அடக்கினாள்.
"சிங்கம் பூனை மாதிரி இருக்கு.
அவருக்கே சந்தேகம் போல,
கீழ பேர் எழுதியிருக்கார்.
அதுலயும் ங-வுக்குப் புள்ளி இல்ல."
வேண்டாம் என்று நான் சொல்வதற்குள்
குங்குமத்தைத் தொட்டு வைத்துவிட்டாள்.
அந்தப் புள்ளிதான் விடிய விடிய எரிந்தது.
மற்ற இடமெல்லாம் தூங்கியது.

காலையில் மூன்றாம் எண் டோக்கன்,
செம்பனைத் தோட்டத்து ரஃபிகுல், வங்காளதேசம்.
பனியனைத் தூக்கினான்: விலா முழுக்கச் செங்காவி,
அதே கை, அதே கோணல் வால்.
கழுவிட்டு வா என்பது
பழக்கத்தில் நாக்கு வரை வந்தது.
கார்டை எடுத்தேன். மாத்திரை எழுதினேன்.
அடியில் ஒரு வரி: வண்ணத்தை அழிக்க வேண்டாம்.
எழுதிவிட்டு
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

மருந்தலமாரியைத் திறக்கத் திரும்பினேன்.
ஏர்கோன் பழுது, வேர்வை,
அரசாங்க வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
பின்னால் அவன் தயங்கித் தயங்கி,
தெரிந்த மலாயில்,
"கூச்சிங்கா, துவான்?"

பூனையாம்.

"சிங்கா" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.
"நல்லாப் பாரு, பேர் போட்டிருக்கு.
புள்ளியோட."